கூடாத மணிக்கட்டு எலும்புக்கு எந்த ஒட்டு?

கேள்வி: என் வயது 29. 14 மாதங்களுக்கு முன் கால் இடறி, வலக்கையை ஊன்றியபடி விழுந்தேன். அன்று எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு ஏதும் தெரியவில்லை. சுளுக்கு என்று எண்ணி 2 வாரம் மணிக்கட்டில் பட்டை அணிந்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டேன். வலி முழுவதுமாகப் போகவேயில்லை. அண்மையில் எடுத்த சி.டி. ஸ்கேனில், ஸ்கேஃபாய்டு என்ற மணிக்கட்டு எலும்பு நடுப்பகுதியில் முறிந்து கூடாமல் இருப்பதும் சற்று வளைந்திருப்பதும் தெரிந்தன. இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும் என்கிறார் ஒரு மருத்துவர். ரத்தக்குழாயோடு சேர்ந்த எலும்பை வைத்தால்தான் கூடும் என்கிறார் இன்னொருவர். இரண்டில் எது சரி? உடம்பில் இன்னோர் இடத்தை அறுக்காமல் செயற்கை எலும்பு வைக்க முடியாதா? வலி தாங்கக்கூடிய அளவில்தான் இருக்கிறது என்பதால் அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: உங்கள் மருத்துவர்கள் இருவருமே தங்கள் தங்கள் கணிப்புக்குப் பொருத்தமான சிகிச்சையையே சொல்லியிருக்கக்கூடும். அவர்கள் வேறுபடுவது, முறிந்த எலும்பின் ஒரு துண்டில் ரத்த ஓட்டம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்ற இடத்தில்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதியுள்ள விவரத்தில் அந்த ஒரு தகவல் மட்டும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல், ‘எந்த ஒட்டு (முறிவில் எடுத்து வைக்கும் எலும்புத் துண்டு) சிறந்தது’ என்ற கேள்விக்கு யாராலும் நேர்மையான விடை தர இயலாது. ஆனால் அந்த விடை எப்படி அமையும் என்பதை விளக்க முடியும்.

மணிக்கட்டு முறிவு என்று பொதுவாகச் சொல்லப்படுவது முன்கையின் ஆரை எலும்பு அதன் கீழ்முனையில் முறிவதைத்தான். அது கோணலாகக் கூடுவதுண்டு. கூடாமலே போவது அரிது. ஸ்கேஃபாய்டு அப்படிப்பட்டதன்று. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் இரண்டு வரிசைச் சிற்றெலும்புகளுக்கும் பாலம்போல் கிடக்கும் இந்த எலும்புக்குக் கிரேக்க மொழியில் படகைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் வந்தது. அதன் மேற்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு வழுவழுப்பான குருத்தெலும்பால் மூடப்பட்டிருப்பதால், ரத்தக்குழாய்கள் உள்ளே நுழைவதற்கு மிகக் குறைந்த இடமே மிஞ்சுகிறது. கெல்பர்மேன், மேனன் ஆகிய இருவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வின்படி, எலும்பின் 70 முதல் 80 விழுக்காட்டுப் பகுதிக்கான ரத்தம் புறங்கைப் பக்கமுள்ள ஒரு மேட்டின் வழியாக நுழைந்து, விரல் பக்கத்திலிருந்து முன்கைப் பக்கத்தை நோக்கித் திரும்பி ஓடுகிறது. முன்கைப் பக்க முனை, வாய்க்காலின் கடைமடை வயலைப் போன்றது. நடுவில் கரை உடைந்தால் முதலில் காய்வது அதுதான். முறிவு அந்த முனைக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ, கூடாமல் போகும் வாய்ப்பும் அவ்வளவு கூடுகிறது.

இதோடு வேறு சில இடர்களும் சேர்ந்துகொள்கின்றன. மற்ற எலும்புகள் முறிந்தால் சுற்றிலும் திரண்டு வந்து தாங்கிப்பிடிக்கும் புது எலும்புத் திரட்சி இங்கே உருவாவதில்லை. முறிந்த முகங்கள் நேருக்கு நேர் அசையாமல் பொருந்தியிருந்தால் மட்டுமே கூடும். மூட்டு நீர் இடைவெளிக்குள் புகுந்து ரத்தக் கட்டியைக் கரைத்துவிடுகிறது. கையை அசைக்கும் ஒவ்வொரு முறையும் துண்டுகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போவது இந்த எலும்பில் வழக்கமாக நடப்பதே. அதனால்தான் கட்டைவிரல் அடியிலுள்ள குழிவில் அழுத்தினால் வலிக்கிறவர்களுக்கு, எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் மாவுக்கட்டுப் போட்டு, 10 நாள் முதல் 2 வாரத்துக்குள் மீண்டும் படம் எடுப்பதையோ, தாமதிக்காமல் எம்.ஆர்.ஐ. எடுப்பதையோ நாங்கள் வலியுறுத்துகிறோம். உங்களுக்கு அது நடக்கவில்லை. சாதாரணமாக 6 மாதம் கடந்தும் கூடாத முறிவைக் கூடா முறிவு என்கிறோம். 14 மாதம் ஆன பின் மாவுக்கட்டு மட்டும் போட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மற்றவை அதைப் பொறுத்தவை. வலி குறைவாக இருப்பது, இந்த எலும்பைப் பொறுத்தவரை, நம்பத்தக்க அடையாளமன்று. பாலம் இரண்டாக உடைந்திருக்கையில் விரல் பக்கத் துண்டு உள்ளங்கைப் பக்கமாகக் குனிகிறது. முன்கைப் பக்கத் துண்டு, அடுத்துள்ள லூனேட் எலும்போடு சேர்ந்து, புறங்கைப் பக்கமாக நிமிர்கிறது. ஸ்கேன் அறிக்கையில் ‘வளைந்திருக்கிறது’ என்று சொல்லப்பட்டது இந்தக் கூனைத்தான். கூன் விழுந்த எலும்பால் மணிக்கட்டின் சுமை தவறான இடங்களில் இறங்குகிறது. முதலில் ஆரை எலும்பின் கூர்முனையிலும், பிறகு மணிக்கட்டின் நடுமூட்டிலும் தேய்மானம் பரவுகிறது. மேக் என்பவரும் உடன்பணியாளர்களும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், மாற்றங்கள் ஸ்கேஃபாய்டுக்குள்ளேயே அடங்கியிருந்தவர்களுக்கு முறிவு ஏற்பட்டுச் சராசரியாக 8 ஆண்டும், ஆரை எலும்புடனான மூட்டு தேய்ந்தவர்களுக்கு 17 ஆண்டும், மணிக்கட்டு முழுவதும் தேய்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 32 ஆண்டும் கடந்திருந்தன. அந்த ஆய்வில் இடம்பெற்றவர்கள் தொல்லை இருந்ததால் மருத்துவரிடம் வந்தவர்கள். தொல்லையே இல்லாமல் வீட்டில் இருந்துவிட்டவர்கள் கணக்கில் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் 29 வயதில், தேய்மானம் தொடங்காத நிலையில், எலும்பைக் கூட வைக்கும் வாய்ப்பை நழுவவிடுமாறு நான் யாருக்கும் ஆலோசனை சொல்ல மாட்டேன். மணிக்கட்டு முழுவதும் தேய்ந்த பின் எலும்பு ஒட்டு வைப்பதால் பயனில்லை. அப்போது மிஞ்சுவது ஸ்கேஃபாய்டை எடுத்துவிட்டு எஞ்சியவற்றில் நான்கு எலும்புகளை ஒன்றாகக் கூட வைப்பது, அல்லது முன்கைப் பக்க வரிசை எலும்புகளை அகற்றுவது போன்ற, அசைவைப் பாதியளவுக்கு விட்டுக்கொடுக்கும் சிகிச்சைகள்தான்.

இனி ஒட்டு பற்றிப் பார்ப்போம். கூடாத முறிவைத் திறந்து பார்த்தால், இரு துண்டுகளுக்கும் நடுவில் நார்த்திசுவும், இறுகி வெளுத்த எலும்பும், சில இடங்களில் சிறு பள்ளங்களும் இருக்கும். அவற்றைச் சுரண்டி, ஆரோக்கியமான எலும்பு தெரியும் வரை எடுத்த பின் ஓர் இடைவெளி உண்டாகும். ஒட்டு அந்த இடைவெளியை நிரப்புகிறது. எலும்பு பழைய நீளத்தையும் வடிவத்தையும் பெறுவதற்கு முட்டுக்கொடுக்கிறது. புது எலும்பு உருவாவதற்கான உயிரணுக்களையும் தூண்டு பொருள்களையும் தருகிறது. எந்த ஒட்டும் இந்த மூன்றையும் சம அளவில் செய்வதில்லை. உங்கள் எலும்புக்கு எதில் குறை அதிகம் என்பதைப் பார்த்தே ஒட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பழமையானது, ரத்தக்குழாய் இல்லாத ஒட்டு. பஞ்சுபோன்ற உள்ளெலும்பை வைத்து அடைக்கும் முறையை 1930-களில் மாட்டி என்ற ஸ்விஸ் மருத்துவர் புறங்கைப் பக்கமாகச் செய்தார். 1960-இல் ரூசே என்ற மருத்துவர் அதை உள்ளங்கைப் பக்கமாக மாற்றி, ரத்தக்குழாய்கள் நுழையும் மேட்டுக்குச் சேதம் வராமல் செய்ய வழிகாட்டினார். கூன் விழாத, இடைவெளி மட்டுமே உள்ள முறிவுக்கு இது இன்றும் போதுமானது. கூன் விழுந்திருந்தால் பஞ்செலும்பு மட்டும் போதாது என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்து. அதற்காக 1984-இல் ஃபெர்னாண்டஸ் என்பவர், ஃபிஸ்க் ஏற்கெனவே முன்வைத்திருந்த கருத்தைச் செப்பனிட்டு, இடுப்பெலும்பிலிருந்து ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, உள்ளங்கைப் பக்கமிருந்து இடைவெளியில் செருகி, கூனை நிமிர்த்தும் முறையை விவரித்தார். உங்கள் முதல் மருத்துவர் சொல்வது அநேகமாக இதைத்தான். நல்ல உறுதியான ஸ்குரூ பொருத்த முடிந்தால் பஞ்செலும்பை மட்டும் வைத்தே கூனை நிமிர்த்தலாம் என்று அண்மைக்காலத்தில் சிலர் காட்டியுள்ளனர். இருந்தாலும் கூன் அதிகமாக இருக்கையில் ஆப்பு ஒட்டையே நான் நம்புகிறேன், ஏனெனில் அதுவே நிமிர்த்திய வடிவத்தைத் தாங்கிப்பிடிக்கிறது.

ஒட்டை எங்கிருந்து எடுப்பது என்பதில், பலர் நினைப்பதைவிடத் தேர்வுக்கு இடம் அதிகம். இடுப்பெலும்பின் மேல்விளிம்பு கெட்டியான, அதிகமான எலும்பைத் தரும். அதற்கு விலையாகச் சில வாரங்கள் நடக்கும்போது அங்கே வலியும், சிலருக்குத் தொடையின் வெளிப்பக்கத்தில் மரத்துப்போன உணர்வும் இருக்கும். ஆரை எலும்பின் கீழ்முனையிலிருந்தும் எடுக்கலாம். அது அதே கையில், அதே மயக்கத்தில், ஏறக்குறைய அதே வெட்டின் வழியாக முடிந்துவிடும். எலும்பு சற்று மென்மையானது. பெரிய ஆப்பு கிடைப்பது கடினம். கூடும் விகிதத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே இடைவெளி சிறிதாக இருந்தால், ‘மணிக்கட்டிலிருந்தே எடுக்க முடியுமா’ என்று உங்கள் மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

ரத்தக்குழாய் இல்லாத ஒட்டு உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், உங்கள் இரண்டாவது மருத்துவரின் கவலையும் புரிந்துவிடும். எடுத்து வைத்த துண்டின் உயிரணுக்களில் பெரும்பகுதி இறந்துவிடும். அது கொடிக்குப் போட்ட பந்தலாக நிற்கும். இரு பக்கத்துத் துண்டுகளிலிருந்தும் புது ரத்தக்குழாய்களும் எலும்பணுக்களும் அதன்மேல் படர்ந்து ஏறி, பழைய எலும்பை மெல்லத் தின்று, புதியதைக் கட்டும். பந்தலில் ஏறுவதற்குக் கொடி வேண்டும். ஒரு பக்கத்துத் துண்டு செத்திருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் ஏறாது.

அந்த நிலைக்காக உருவானதுதான் ரத்தக்குழாயோடு சேர்ந்த ஒட்டு. வேரடி மண்ணோடு செடியைப் பெயர்த்து நடுவதைப்போல, எலும்புத் துண்டை அதற்கு ரத்தம் தரும் சிறு தமனியோடும் சிரையோடும் சேர்த்தே நகர்த்துகிறார்கள். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஜைடெம்பர்க்கும் உடன்பணியாளர்களும் 1991-இல் விவரித்த முறையில், ஆரை எலும்பின் புறப்பக்கத்திலிருந்து ஒரு துண்டை, அதன் மேல் ஓடும் நுண்ணிய தமனியை அறுக்காமல், காம்போடு திருப்பி ஸ்கேஃபாய்டில் வைப்பார்கள். உள்ளங்கைப் பக்கத் தமனியைக் காம்பாகக் கொண்ட முறையும் உண்டு. இவற்றில் ரத்தக்குழாயை மீண்டும் தைத்து இணைக்க வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. இடுப்பையோ முழங்காலையோ தொட வேண்டியதுமில்லை.

மூன்றாவது வகை, முழங்காலுக்கு மேலே தொடையெலும்பின் உட்பக்கத்திலிருந்து எலும்பைத் தமனியோடு முழுவதும் பிரித்தெடுத்து, மணிக்கட்டில் வைத்து, நுண்ணோக்கியின் கீழ் அங்குள்ள ரத்தக்குழாயோடு தைப்பது. நீண்ட நேர அறுவைசிகிச்சை இது. நுண்ணறுவையில் நல்ல பயிற்சி உள்ளவரால் மட்டுமே செய்யத்தக்கது. முழங்காலில் சில மாதம் வலி இருக்கும். ஆனால் இதில் கெட்டியான, விரும்பிய வடிவில் செதுக்கத்தக்க எலும்பும் கிடைக்கிறது, உயிரோட்டமும் கிடைக்கிறது.

இந்த வகைகளை ஒப்பிடும்போது இரண்டு ஆய்வுகள் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. மெரில் என்பவரும் உடன்பணியாளர்களும் 2002-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், முன்கைப் பக்கத் துண்டு ரத்தமின்றிச் செத்திருந்த கூடா முறிவுகளில், ரத்தக்குழாயோடு சேர்ந்த ஒட்டு வைத்தவர்களில் 88 விழுக்காட்டினருக்கும், ஆப்பு ஒட்டும் ஸ்குரூவும் வைத்தவர்களில் 47 விழுக்காட்டினருக்கும் எலும்பு கூடியிருந்தது. மற்றொன்று 2008-இல் ஜோன்ஸ் குழுவினர் வெளியிட்டது. நடுப்பகுதியில் முறிந்து, முன்கைப் பக்கத் துண்டு செத்து, கூனும் விழுந்திருந்த 22 பேரில், மணிக்கட்டிலிருந்து காம்போடு எடுத்த ஒட்டு வைத்த 10 பேரில் 4 பேருக்கு மட்டுமே கூடியது. தொடையெலும்பு ஒட்டு வைத்த 12 பேருக்கும் கூடியது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அதன் காரணம் அறுவைசிகிச்சை மேசையில் கண்ணால் காணக்கூடியது: புறங்கைப் பக்கத்திலிருந்து காம்போடு வரும் மெல்லிய துண்டு, உள்ளங்கைப் பக்கத்து இடைவெளியை முட்டுக்கொடுத்து நிமிர்த்துவதற்குப் போதாது. ரத்தம் கொண்டுவந்து கொடுத்தாலும் கூன் அப்படியே இருக்கும். கூன் இருக்கையில் ஸ்குரூவின் மேல் விழும் வளைவு விசையும் குறையாது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் வந்த சில ஆய்வுகளில், ரத்த ஓட்டம் குன்றியிருப்பதாக எம்.ஆர்.ஐ.யில் தோன்றிய துண்டுகளும்கூட, சாதாரண ஒட்டும் உறுதியான ஸ்குரூவும் வைத்ததில் கூடியுள்ளன. எம்.ஆர்.ஐ.யில் கறுத்துத் தெரிவதெல்லாம் செத்த எலும்பன்று. ஆகவே ‘ரத்தக்குழாயோடு வைத்தால்தான் கூடும்’ என்ற ‘தான்’ எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. எங்களுக்குள் இன்றும் இறுதிச் சான்றாக நிற்பது, அறுவைசிகிச்சையின்போது துண்டைச் சுரண்டியதும் அதில் புள்ளி புள்ளியாக ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பதே.

இதையெல்லாம் உங்களுக்குப் பொருத்திச் சொன்னால் இப்படி வரும். முறிவு நடுப்பகுதியில், கூன் இருக்கிறது, இதற்கு முன் அறுவைசிகிச்சை நடக்கவில்லை. இந்த மூன்றும் உண்மையாகவும், முன்கைப் பக்கத் துண்டு ஓரளவு பெரிதாகவும், ரத்தம் கசிவதாகவும் இருந்தால், ஆப்பு ஒட்டும் ஸ்குரூவும் போதும். முதல் மருத்துவரோடு நான் உடன்படுவேன். துண்டு செத்திருந்து, கூனும் இருந்தால், மணிக்கட்டிலிருந்து காம்போடு திருப்பும் ஒட்டை நம்பாமல், தொடையெலும்பு ஒட்டு செய்யும் அனுபவமுள்ள ஒருவரிடம் போவது நல்லது. கூன் இல்லாமல், முன்கைப் பக்க முனைக்கு நெருக்கமான முறிவாக இருந்திருந்தால்தான் காம்போடு திருப்பும் ஒட்டு என் முதல் தேர்வாக இருந்திருக்கும். ஒருமுறை ஒட்டு வைத்தும் கூடாமல் போனவர்களுக்கும் உயிரோட்டமுள்ள ஒட்டின் பக்கமே சாய்வேன். ஆகவே சாயமருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுக்கவும், சி.டி. ஸ்கேனை மணிக்கட்டின் அச்சுக்கன்றி ஸ்கேஃபாய்டின் நீள அச்சுக்கு இணையாக வெட்டிப் பார்க்கவும் கேளுங்கள். கூனின் அளவு அந்தக் கோணத்தில்தான் சரியாகத் தெரியும்.

செயற்கை எலும்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கால்சியம் பாஸ்பேட், கால்சியம் சல்பேட் போன்றவற்றால் ஆன துகள்களும், கொடையாளரிடமிருந்து பெற்றுப் பதப்படுத்திய எலும்பும் கிடைக்கின்றன. அவை பந்தல் மட்டுமே. உயிரணு அவற்றில் இல்லை. சுற்றிலும் நல்ல ரத்த ஓட்டமுள்ள பெரிய எலும்பில் பள்ளத்தை நிரப்ப அவை பயன்படும். ஏற்கெனவே ஒருமுறை கூடத் தவறிய, ரத்த ஓட்டம் குறைந்த ஸ்கேஃபாய்டில் அவற்றை மட்டும் நம்பி வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இடுப்பில் சில வாரம் வலி என்பது, இரண்டாவது அறுவைசிகிச்சையோடு ஒப்பிட்டால், சிறிய விலை.

ஒட்டின் வகையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அதைப் பொருத்தும் விதம் பற்றிப் பேசுவது குறைவு. 1984-இல் ஹெர்பர்ட், ஃபிஷர் இருவரும் அறிமுகப்படுத்திய, இரு முனையிலும் வெவ்வேறு புரி இடைவெளி கொண்ட, தலையில்லாத ஸ்குரூதான் இந்த எலும்பின் சிகிச்சையையே மாற்றியது. அது எலும்புக்குள்ளேயே மறைந்து நின்று துண்டுகளை ஒன்றோடொன்று நெருக்கும். பெரும்பாலும் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. ஸ்குரூ எலும்பின் நடு அச்சில் போகாமல் ஓரமாகப் போயிருந்தால், எவ்வளவு நல்ல ஒட்டும் அசைந்து அசைந்து கரைந்துவிடும். துண்டு மிகச் சிறிதாக இருந்தால் மெல்லிய கம்பிகளே பொருத்தமானவை.

நீங்கள் புகைப்பவரா என்பதை எழுதவில்லை. புகைப்பவராக இருந்தால், இதுவரை சொன்ன எந்தத் தேர்வையும்விட அதை நிறுத்துவதே பெரிய வேறுபாட்டைத் தரக்கூடும். புகைப்பவர்களுக்கு இந்த ஒட்டுகள் தவறும் வாய்ப்பு அதிகம் என்பது திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. அறுவைசிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்தி, எலும்பு கூடும் வரை தொடாமல் இருக்க வேண்டும். நிக்கோட்டின் உள்ள மாற்றுப் பொருள்களும் ரத்தக்குழாய்களைச் சுருக்குகின்றன என்பதால் மருத்துவரிடம் கேட்காமல் அவற்றுக்கு மாற வேண்டாம்.

அறுவைசிகிச்சைக்குப் பின் பொதுவாக 6 முதல் 12 வாரம் வரை மாவுக்கட்டோ பட்டையோ இருக்கும். விரல்களை முதல் நாளிலிருந்தே அசைக்கலாம். கூடிவிட்டதா என்பதை எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம். இந்த எலும்பில் எக்ஸ்ரே இரு பக்கமும் ஏமாற்றும்: கூடாததைக் கூடியதாகவும், கூடியதைக் கூடாததாகவும் காட்டும். ஏறத்தாழ 3 மாதத்தில் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்து, முறிவின் குறுக்கே எலும்புப் பாலம் பாதி அகலத்துக்கேனும் உருவாகியிருப்பதைக் கண்ட பின்பே பளு தூக்குவதையும் கையை ஊன்றும் விளையாட்டுகளையும் தொடங்க அனுமதிப்பது என் வழக்கம். கூடிய பிறகும் மணிக்கட்டின் அசைவு முழுவதுமாகத் திரும்பாமல் போகலாம். குறிப்பாகப் புறங்கைப் பக்கம் மடக்குவதில் சில பாகை குறைவு நிலைத்துவிடும். பிடிவலிமை திரும்ப ஓராண்டு வரை ஆகலாம் என்பதைக் கணக்கில் கொண்டு, உங்கள் வேலைக்கு ஏற்ற நாளை இப்போதே மருத்துவரோடு பேசிக் குறித்துக்கொள்ளுங்கள்.